சுவரில் மங்கலம், பாட்டில் முறையீடு: மிதிலைப் பெண்களின் இரு கலைகள்

பீகாரின் வடபகுதியிலும் நேபாளத்தின் தராய்ச் சமவெளியிலுமாகப் பரந்திருக்கும் மிதிலையின் ஓவியக்கலை, அங்குள்ள மதுபனி நகரத்தின் பெயரால் ‘மதுபனி ஓவியம்’ என்று சேலைகளிலும் காகிதப் பைகளிலும் ரயில் நிலையச் சுவர்களிலும் இன்று நாடறிந்த ஒன்றாகிவிட்டது. ஆனால் மீன், தாமரை, மயில், அகன்ற கண்கள் என்று எளிதில் அடையாளம் காணப்படும் இந்த ஓவியம் பிறந்த அறையில் எப்போதும் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. வீட்டின் மூத்த பெண்கள் மணமக்களின் அறைச் சுவரில் கோடு இழுத்துக்கொண்டிருந்த அதே நாள்களில், அவர்களும் உறவுப் பெண்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து அந்தச் சடங்குக்குரிய பாட்டுகளைப் பாடினார்கள். இரண்டையும் ஒரே பெண்களே செய்தபோதிலும், அவை இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. சுவர் மங்கலத்தை மட்டும் ஏற்றது. பெண்வாழ்வின் குறைகளையும் அச்சத்தையும் கேலியையும் பாட்டு சுமந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஓவியம் சுவரிலிருந்து தாளுக்கு இடம்பெயர்ந்தபின், பாட்டின் வசம் இருந்த அந்தப் பொருள் மெல்ல மெல்லப் படத்துக்குள் வந்து சேர்ந்தது. கடந்த அரை நூற்றாண்டு மிதிலை ஓவியத்தின் வரலாற்றை இந்த நகர்வின் வரலாறாகவே படிக்க முடியும்.

சடங்கு பங்கிட்ட வேலை

மிதிலைத் திருமணத்தின் மையம் ‘கோஹ்பர்’ எனப்படும் மணவறை. மணமக்கள் தம் முதல் இரவுகளைக் கழிக்கும் இந்த அறையின் சுவரில் எழுதப்படும் படத்துக்கும் கோஹ்பர் என்றே பெயர். வட்டமான தாமரை இலைகளும் அவற்றின் நடுவே நிமிர்ந்து நிற்கும் தண்டும், அருகே மூங்கில் புதரும், கிளி, மீன், ஆமை முதலிய உயிர்களும், சூரிய சந்திரரும், கௌரியை வணங்கும் மணமகளும் இதில் இடம்பெறுவது மரபு. மூங்கில் ஆண் குலத்தின் பெருக்கத்தையும் தாமரை பெண்ணின் கருவளத்தையும் குறிப்பதாக விளக்கம் கூறப்படுகிறது. அறையின் நான்கு மூலைகளில் ‘நைனா-ஜோகின்’ என்னும் காவல் மாதர், முக்காட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண் மட்டும் தெரியும்படி எழுதப்படுவார்கள். தீய பார்வையை அவர்கள் தடுப்பதாக நம்பிக்கை. தரையில் அரிசிமாவுக் கரைசலால் இடப்படும் ‘அரிபன்’ கோலமும் இந்தச் சடங்குத் தொகுதியைச் சேர்ந்ததே. இவ்வாறு எழுதப்படும் ஒவ்வொன்றும் ஒரு வேண்டுதலாக இருப்பதால், அங்கே துயரத்துக்கு இடமில்லை. மணவறைச் சுவரில் அழும் பெண்ணை எழுதுவது அமங்கலம்.

பாட்டின் எல்லை இதைவிட அகன்றது. பிள்ளைப்பேற்றின்போது பாடப்படும் ‘சோஹர்’ பிறப்பின் மகிழ்ச்சியை மட்டுமன்றிப் பேறுகால வலியையும், மலடி என்று ஏசப்பட்ட பெண்ணின் அவமானத்தையும் சொல்கிறது. மணமகள் பிறந்தகத்தை விட்டுப் புறப்படும்போது பாடப்படும் ‘சம்தாவுன்’ பிரிவுத் துயரத்தின் பாட்டு. மாப்பிள்ளை வீட்டாரை அவர்கள் உண்ணும்போதே வசைபாடும் ‘டஹ்கன்’, பெண்வீட்டார் அடங்கி நடக்கவேண்டிய ஒரு நிகழ்வில் அவர்களுக்குக் கிடைக்கும் அனுமதிக்கப்பட்ட பழிவாங்கல். மழை வேண்டிப் பெண்கள் மட்டுமே இரவில் கூடி ஆடிப் பாடும் ‘ஜாட்-ஜாட்டின்’ கணவன் மனைவி உரையாடலாக அமைந்து, நகை கேட்கும் மனைவியையும் பிழைப்புக்காகக் கிழக்கே போகும் கணவனையும் எதிரெதிரே நிறுத்துகிறது. கார்த்திகை மாதத்தில் பெண்கள் களிமண் பொம்மை செய்து கொண்டாடும் ‘சாமா-சகேவா’வின் கதையில், கண்ணனின் மகளான சாமா ஒரு புறங்கூறுவோனின் பொய்யால் தந்தையின் சாபத்துக்கு ஆளாகிப் பறவையாகிறாள், அவளை மீட்பது உடன்பிறந்தவனின் அன்பு. கோள் சொன்னவனின் பொம்மையின் மீசையைப் பெண்கள் பாடிக்கொண்டே கொளுத்துகிறார்கள். பெண்ணின் நடத்தை பற்றிய வதந்தி அவள் வாழ்வை எவ்வளவு எளிதில் அழிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சடங்கு அரிது.

பாட்டுகளில் இந்த முறையீடு திரண்டதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. மிதிலையின் பிராமணரும் காயஸ்தரும் ‘பஞ்சி’ எனப்படும் வம்சாவளிப் பதிவேடுகளைப் பல நூற்றாண்டுகளாகப் பேணி, அவற்றின்படியே மணத்தை முடிவு செய்தனர். இதில் உயர்ந்த குலப்படி பெற்ற ஆண்களுக்கு எழுந்த போட்டியால், பணம் பெற்றுக்கொண்டு பல பெண்களை மணந்து அவர்களைத் தந்தை வீட்டிலேயே விட்டுச்செல்லும் ஆண்கள் உருவானார்கள். அவர்களுக்கு ‘பிகவுவா’, அதாவது விலைக்குப் போனவர், என்ற பெயரே வழங்கியது. வயது பொருந்தாத மணங்களும் இதன் விளைவு. கிழவனாகவும் சாம்பல் பூசியவனாகவும் வரும் சிவனைக் கண்டு பார்வதியின் தாய் புலம்புவது மிதிலைப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவதும், சிறுவனுக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண்ணின் ஆற்றாமை வித்யாபதியின் பெயரால் வழங்குவதும் இந்தப் பின்னணியில்தான் பொருள்படுகின்றன. 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அந்தக் கவிஞரின் பதங்கள் அரசவையைக் காட்டிலும் பெண்களின் நாவிலேயே நீண்ட காலம் நிலைத்தன.

நிலநடுக்கமும் வறட்சியும்

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோது, பார்வையிடச் சென்ற பிரிட்டிஷ் அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், அதுவரை வெளியார் கண்ணில் படாத உட்சுவர்களில் இந்த ஓவியங்களைக் கண்டார். பின்னாளில் அவர் 1949-இல் ‘மார்க்’ கலை இதழில் எழுதிய கட்டுரையே மிதிலை ஓவியத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. கிளே, மிரோ போன்ற ஐரோப்பிய நவீன ஓவியர்களை அவை அவருக்கு நினைவூட்டின. இதே ஆர்ச்சர் நாட்டுப்பாடல் சேகரிப்பாளரும் ஆவார். பீகாரின் மேற்குப் பகுதியில் போஜ்புரி பேசும் காயஸ்தர்களின் திருமணப் பாடல்களை அவர் திரட்டி மொழிபெயர்த்தார்; அந்நூல் அவர் மறைவுக்குப்பின் 1985-இல் வெளிவந்தது. படத்தையும் பாட்டையும் ஒரே மனிதர் தேடிச் சென்றும், ஒன்று கலை வரலாற்றுக்கும் மற்றொன்று நாட்டார் வழக்காற்றியலுக்கும் என்று இரு வேறு துறைகளுக்குள் அவை போய்ச் சேர்ந்தன. அந்தப் பிரிவினை ஆய்வுலகில் பெரும்பாலும் இன்றும் நீடிக்கிறது.

இடம்பெயர்வுக்குக் காரணமானது 1960-களின் நடுவில் பீகாரைத் தாக்கிய கடும் வறட்சி. நிவாரண வேலையாக ஏதேனும் ஒரு வருவாய் வழியைத் தேடிய அனைத்திந்தியக் கைவினை வாரியம், புபுல் ஜெயகரின் முயற்சியால், மும்பை ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிக்கு அனுப்பியது. சுவரில் எழுதியதையே தாளில் எழுதித் தருமாறு அவர் பெண்களைக் கேட்டார். ஜித்வார்பூர், ராந்தி முதலிய ஊர்களிலிருந்து சீதா தேவி, ஜகதம்பா தேவி, மகாசுந்தரி தேவி, பௌவா தேவி, கங்கா தேவி ஆகியோர் இவ்வாறு பெயர் பெற்ற ஓவியர்கள் ஆனார்கள். பிராமணப் பெண்களிடம் ஓங்கியிருந்த ‘பர்னி’ என்னும் அடர்வண்ணம் நிரப்பும் முறையும், காயஸ்தப் பெண்களிடம் ஓங்கியிருந்த ‘கச்னி’ என்னும் நுண்கோட்டு முறையும் தனித்தனிப் பாணிகளாக அடையாளம் காணப்பட்டதும் இக்காலத்தில்தான். 1975-இல் ஜகதம்பா தேவிக்கும் 1981-இல் சீதா தேவிக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வணிகத் தேவையால் நேர்ந்த இந்த மாற்றம், எவரும் திட்டமிடாத வேறொன்றையும் செய்தது. தாள், மணவறையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதில் எழுதப்படுவது எந்த மணமகளின் வாழ்வையும் பாதிக்காது. அமங்கலம் என்ற தடை அங்கே செல்லாது. மேலும் சுவரில் ஒரே வேளையில் முழுவதையும் காட்டவேண்டிய படம், தாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வரிசையாக மாற முடிந்தது. கதை சொல்வதற்கு வேண்டிய இந்தத் தொடர்ச்சி பாட்டுக்கு முன்பே இருந்தது. ஓவியம் அதை அப்போதுதான் பெற்றது.

கங்கா தேவியின் வரிசை

இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர் கங்கா தேவி (1928–1991). காயஸ்தக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் குச்சியும் விளக்குக் கரியும் கொண்டு தாயிடம் கோடு பழகிய அவர், கணவர் இரண்டாம் மணம் செய்துகொண்டதால் கைவிடப்பட்டுத் தம் ஓவியத்தாலேயே வாழ்ந்தார். அவரது ‘மானவ ஜீவன்’ என்னும் தொடர் ஒரு மனித வாழ்வின் கட்டங்களைப் பேறுகாலத்திலிருந்து திருமணம் வரை சடங்குவாரியாகக் காட்டுகிறது. பெண்ணின் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய பாட்டு வகைகள் மிதிலையில் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றனவோ அதே ஒழுங்கில்தான் இந்தப் படங்களும் நகர்கின்றன என்பதைக் கவனித்தால், அவருக்கு முன்மாதிரியாக இருந்தது எது என்பது விளங்கும். தனித்தனிச் சடங்குகளுக்கெனச் சுவரில் தனித்தனியாக எழுதப்பட்டவற்றை ஒரே வாழ்வின் கதையாகக் கோத்துப் பார்க்கும் பார்வை, சோஹரிலிருந்து சம்தாவுன் வரை பாடிப் பழகிய ஒருவருக்கு இயல்பாக வாய்க்கக்கூடியது.

1985-இல் அமெரிக்காவில் நடைபெற்ற இந்திய விழாவுக்குச் சென்றுவந்தபின், அங்குக் கண்ட கேளிக்கைப் பூங்காவின் உருள்வண்டியையும் வாஷிங்டன் நினைவுத்தூணையும் தம் கோட்டு முறையிலேயே எழுதினார். பின்னர் புற்றுநோய் வந்தபோது, ஊரிலிருந்து டெல்லி மருத்துவமனை வரையிலான தம் சிகிச்சை அனுபவத்தையே ஒரு தொடராக எழுதினார். ஒரு பெண்ணின் உடல்வலி தெய்வக் கதையின் துணையின்றி, நேரடியாக, மிதிலை ஓவியத்தின் பொருளாவதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு. அதே சிகிச்சைக் காலத்தில் டெல்லியின் தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் அவர் ஒரு முழு மணவறையைச் சுவரோவியமாக எழுதிக்கொடுத்தார். தம் நோயைத் தாளில் எழுதிய அதே கை, மணவறைச் சுவரில் மரபின் மங்கலத்தை மட்டுமே எழுதியது என்பதில், சுவருக்கும் தாளுக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு தெளிவாகிறது. அருங்காட்சியகச் சீரமைப்பின்போது அந்தச் சுவரோவியம் அழிக்கப்பட்ட செய்தி 2015-இன் தொடக்கத்தில் வெளியாகிக் கலை ஆர்வலர்களிடையே பெரும் கண்டனத்தை எழுப்பியது.

சீதை என்னும் மகள்

மிதிலைப் பெண்களின் பாட்டுக்கும் படத்துக்கும் பொதுவான நாயகி ஒருத்தி உண்டு என்றால் அவள் சீதை. ஏனைய பகுதியினருக்கு அவள் இராமனின் மனைவி. மிதிலையினருக்கு அவள் தங்கள் வீட்டுப் பெண். சீதைக்கும் இராமனுக்கும் மணம் நடந்ததாகக் கருதப்படும் விவாஹ பஞ்சமி நாளில் நேபாளத்தின் ஜனக்பூரில் பெருவிழா நடைபெற்றாலும், அவள் பட்ட துன்பத்தை எண்ணி அந்நாளில் தங்கள் மகளுக்கு மணம் முடிக்கப் பல மிதிலைக் குடும்பங்கள் தயங்குகின்றன. பெண்களின் சோஹர் பாட்டுகளில், காட்டில் பிள்ளை பெற்ற சீதை அயோத்திக்குச் செய்தி அனுப்பும்போது இராமனுக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்று தூதனிடம் கூறுவதாக வருவதுண்டு. எழுதப்பட்ட காப்பியங்கள் பேச விடாத இடத்தில் அவளைப் பேசவைக்கும் இந்தப் போக்கு மைதிலிக்கு மட்டும் உரியதன்று. வங்காளி, மராத்தி, தெலுங்கு ஆகிய மொழிகளின் பெண் பாடல்களிலும் இது இருப்பதை நவநீதா தேவ் சென் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

ஓவியத்தில் நெடுங்காலம் இடம்பெற்றது வில் முறித்தலும் மாலையிடுதலுமான சீதைதான். திருமணச் சடங்குக்கு அவையே பொருத்தம். தாள் வந்தபின்தான் தீக்குளிக்கும் சீதையும், காட்டில் தனித்திருக்கும் சீதையும், மண்ணுக்குள் திரும்பும் சீதையும் படங்களில் பெருகினார்கள். இதனோடு ஒப்பிடத்தக்கது வங்காளத்தின் பட்டுவா மரபு. அங்கே ‘பட்’ எனப்படும் நீண்ட சுருளோவியத்தை ஓவியரே விரித்துக்காட்டி அதற்கென அமைந்த பாட்டைப் பாடுவதால், படமும் பாட்டும் தொடக்கம் முதலே பிரிக்கமுடியாதவை. அந்த மரபைச் சேர்ந்த மொய்னா சித்ரகரின் படங்களுக்கு சம்ஹிதா ஆர்னி எழுதிய ‘சீதாஸ் ராமாயணா’ என்ற ஆங்கிலச் சித்திர நூலை 2011-இல் சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்டது. பட்டுவாவிடம் ஒரே கலைஞரின் கையிலும் குரலிலும் இணைந்திருந்தவை, மிதிலையில் ஒரே அறையில் இருந்தும் வெவ்வேறு பணிகளைச் செய்தன. அதனாலேயே ஒன்றின் பொருள் மற்றொன்றுக்குக் கைமாறுவது அங்கே ஒரு வரலாற்று நிகழ்வாகிறது.

தோலில் எழுதியவர்கள்

மேற்சொன்ன மணவறை மரபு முதன்மையாக உயர்சாதி வீடுகளுக்கு உரியது. துசாத், சமார் முதலிய தலித் சமூகங்களின் பெண்களுக்கு வேறொரு ஓவிய ஊற்று இருந்தது. அது ‘கோத்னா’ எனப்படும் பச்சைகுத்தல். நட் சமூகத்தைச் சேர்ந்த நாடோடிப் பெண்கள் ஊர்ஊராகச் சென்று, மணமாகவிருக்கும் பெண்களின் கைகளிலும் கால்களிலும் பச்சை குத்தும்போது வலி தெரியாமலிருக்கப் பாடுவது வழக்கம். பொன்னும் வெள்ளியும் வாங்க இயலாத பெண்ணுக்கு, இறந்தபின்னும் உடன்வரும் ஒரே நகை இதுதான் என்பது அவர்களிடையே வழங்கும் நம்பிக்கை. 1970-களில் சானோ தேவி இந்தப் பச்சைக் கோலங்களைத் தாளுக்குக் கொண்டுவந்து, சிறு உருவங்களை வரிவரியாகவும் வட்டம் வட்டமாகவும் அடுக்கும் கோத்னா பாணியை வளர்த்தார். ஜமுனா தேவி சாணக் கரைசலால் தாளுக்கு மண்சுவரின் நிறத்தை ஊட்டினார். துசாத் மக்களின் வீரத் தெய்வமான ராஜா சல்ஹேசின் கதைப்பாடலும், அவன்மேல் காதல்கொண்ட ‘மாலின்’ எனப்படும் தோட்டக்காரப் பெண்களின் காத்திருப்பும் இப்படங்களின் முக்கியப் பொருள்கள். இந்த மரபின் சாந்தி தேவிக்கும் அவர் கணவர் சிவன் பாஸ்வானுக்கும் 2024-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

மீனவ மல்லாஹ் சமூகத்தில் பிறந்த துலாரி தேவியின் பாதை வேறு. ராந்தியில் மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி ஆகியோரின் வீடுகளில் வேலைசெய்தபோது ஓவியம் கற்ற அவர், தம் வாழ்க்கையையே படங்களாகச் சொல்லிய ஆங்கில நூலையும் தாரா பதிப்பகம்தான் வெளியிட்டது. மரபுச் சாயலே கொண்ட இப்படங்களில் நாயகியாக நிற்பது சீதையோ ராதையோ அல்லள். வயலிலும் பிறர் வீட்டிலும் உழைக்கும் ஒரு பெண். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் வரைந்து பரிசளித்த சேலையை, 2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்யும்போது உடுத்தியிருந்தார்.

முறையீட்டிலிருந்து வாதத்துக்கு

2003-இல் மதுபனியில் தொடங்கப்பட்ட மிதிலா கலை நிறுவனம், பள்ளிக் கல்வி பெற்ற இளம் பெண்களும் ஆண்களும் சாதி வேறுபாடின்றி ஒரே கூடத்தில் பயிலும் இடமாயிற்று. அங்கு ஆசிரியராக இருந்த ராணி ஜா, பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கும் கொடுமையையும், முக்காட்டையும் திரையையும் விலக்கி வெளிவரும் பெண்களையும் எழுதினார். மகாசுந்தரி தேவியின் பேத்தி புஷ்பா குமாரி, வரதட்சணையையும் சிசுக்கொலையையும் தம் பாட்டியிடம் கற்ற நுண்கோட்டிலேயே எழுதினார். ஜனக்பூரில் 1989-இல் கிளேர் பர்கர்ட் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டு மையத்தில் நேபாள மிதிலைப் பெண்கள் தங்கள் அன்றாட வேலைகளையும் ஊர்க்கதைகளையும் திருவிழாக்களையும் தாளிலும் துணியிலும் பானையிலும் எழுதினார்கள். 2018-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகம் மிதிலை ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியபோது, கோஹ்பர் மரபும் இத்தகைய புதிய படங்களும் அருகருகே வைக்கப்பட்டன.

இந்தப் புதிய படங்களை மரபின் முறிவு என்று கருதுவோர் உண்டு. தாமரையும் மூங்கிலும் எழுதவேண்டிய கோட்டில் கருக்கலைப்பு நிலையத்தை எழுதுவது, மேலைநாட்டு வாங்குவோரும் தொண்டு நிறுவனங்களும் தூண்டியதன் விளைவு என்பது அவர்கள் வாதம். வாங்குவோரின் விருப்பம் ஓவியத்தின் போக்கை மாற்றுகிறது என்பது மறுக்கமுடியாததுதான். ஆயினும் பாட்டை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மரபாகக் கொள்வதால் எழும் வாதம் இது. மகள் பிறந்ததால் முகம் சுளித்த வீட்டையும், சீர்வரிசை போதவில்லை என்ற மாமியாரையும், பிழைக்கப்போய்த் திரும்பாத கணவனையும் மிதிலைப் பெண்கள் நெடுங்காலமாகப் பாடிவந்திருக்கிறார்கள். பொருள் புதிதன்று, அது புகுந்த கலை மட்டுமே புதிது.

அதே சமயம், இந்தக் கைமாற்றத்தில் பாட்டு முழுமையாக வந்துசேர்ந்துவிட்டது என்று கூறுவதும் பொருந்தாது. சோஹர் பெரும்பாலும் ஆண்பிள்ளையின் பிறப்புக்கே பாடப்பட்டது. பெண்ணின் வலியைச் சொன்ன அதே பாட்டு மகனையே வேண்டியது. டஹ்கன் மாப்பிள்ளை வீட்டாரை ஏசிவிட்டு அந்த மணத்தையே நடத்திவைத்தது. குறைகூறலும் உடன்பாடும் ஒரே மூச்சில் வரும் இந்த இரட்டைத்தன்மை, கண்டனமாக வாசிக்கப்படும் இன்றைய படத்தில் பெரும்பாலும் இல்லை.

மற்றொரு வேறுபாடு ஆசிரியரைப் பற்றியது. பாட்டைப் பாடியது கூட்டம்; அதற்கு உரியவர் என்று எவரும் இல்லாததால், மாமியாரின் எதிரிலேயே மருமகள் மாமியாரைப் பற்றிப் பாட முடிந்தது. படத்தின் மூலையில் கையொப்பம் இருக்கிறது. அந்தக் கையொப்பம் ஓவியருக்கு விலையையும் விருதையும் பாஸ்போர்ட்டையும் தந்தது. கூடவே, கூட்டம் தந்த மறைப்பை நீக்கி, சொன்னதற்கு அவரையே பொறுப்பாளியும் ஆக்கியது. ராணி ஜா போன்றோர் எழுதுவதில் உள்ள துணிவு இந்தப் பொறுப்பை ஏற்பதில் இருக்கிறது.

2007-இல் புவிசார் குறியீடு பெற்று, சந்தையிலும் பாடத்திட்டத்திலும் இடம்பிடித்துவிட்ட ஓவியத்துக்கு இனி ஆதரவு தேடவேண்டியதில்லை. திருமண வீடுகளில் ஒலிபெருக்கியும் திரைப்பாட்டும் இடம்பிடித்துவரும் நிலையில், மூத்த பெண்களின் நினைவில் மட்டும் தங்கியிருக்கும் பாட்டுகளே இன்று ஆபத்தில் உள்ளன. அருங்காட்சியகங்கள் ஒரு கோஹ்பர் படத்தை வாங்கும்போது அதை எழுதியவரின் பெயர், ஊர், சாதிப் பாணி ஆகியவற்றைப் பதிவுசெய்கின்றன. அந்தச் சடங்கில் அவர் பாடும் பாட்டுகளை அவர் குரலிலேயே பதிவுசெய்வதும் அதே பணியின் பகுதியாகக் கருதப்படவேண்டும். பாட்டு இல்லாமல் பார்க்கும்போது பழைய படங்கள் வெறும் அலங்காரமாகவும் புதிய படங்கள் வெறும் பிரசாரமாகவும் தோன்றுகின்றன. பாட்டோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் இரண்டும் ஒரே பெண்களின் தொடர்ந்த சிந்தனை என்பது புலப்படும்.